நெஞ்சு வரை இழுத்த ரப்பர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் சங்கரன்கோவில் வீட்டின் பின்கட்டில் ரப்பரை இழுத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். ரப்பர் இழுபடும்போது எப்படித் தளர்கிறது, எங்கே அறுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லும் சமன்பாடு என்னுடைய வேலை. சமன்பாடு தயாராக இருந்தது. விடுமுறை முடிவதற்குள் சோதனை ஆதாரம் அனுப்பாவிட்டால் பதிவு ரத்தாகும் என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

உத்தரத்துக் கொக்கியில், புது சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒன்றரை அடி நாடா. அதன் நுனியில் தராசுத் தட்டு. தட்டில் ஒவ்வொரு எடைக்கல்லாக வைத்து நீளத்தைக் குறித்தேன். ரப்பருக்குள் நீண்ட இழைகள் பின்னிக் கிடக்கின்றன. முதல் இழுப்பில் அவற்றில் குட்டையானவை அறுந்துவிடும். அடுத்த இழுப்பு சுலபமாகும். ஆகவே முதல் இழுப்பு விறைப்பாக இருக்க வேண்டும் என்றது என் கணக்கு. நாடாவோ முதல் கல்லிலிருந்தே தொளதொளவென்று நீண்டது. நான்கடியைத் தாண்டியதும் திடீரென்று விறைத்தது. பன்னிரண்டு நாடாக்களிலும் இதே கதை. சமன்பாட்டை அடித்து இரண்டு முறை மாற்றி எழுதினேன்.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு திரும்பும் வழியில் சைக்கிள் கடையில் நாடாக்களை வாங்கி வந்ததும் அவள்தான்.

“பன்னெண்டும் ஒண்ணுபோல வருதுன்னா ரப்பர் மேல தப்பு இல்லைங்க” என்றாள். “பாவம், அது என்ன செய்யும்?”

பதின்மூன்றாவது நாடாவுக்கு நானே போனேன். சைக்கிள் கடைக்காரருக்கு என் வயதிருக்கும். புது டியூபைப் பிளேடால் நேராகக் கிழித்தார். ஒரு நுனியைக் காலால் மிதித்து, மறுநுனியை நெஞ்சு வரை இரண்டு முறை இழுத்தார். பிறகு சுருட்டி நீட்டினார்.

“எதுக்கு அண்ணாச்சி இழுத்திய?”

“என்ன சார் இப்படிக் கேக்கிய? புது ரப்பர் மொத இழுப்புல முரண்டு பிடிக்கும். இழுக்காம கேரியர்ல கட்டுனா, எலுமிச்சை மூட்டை புளியங்குடி தாண்டுததுக்குள்ள நெகிழ்ந்து தொங்கிரும்.”

“டீச்சருக்குக் குடுத்ததையுமா?”

“ஒண்ணு விடாம இழுத்துத்தான் குடுத்தேன். தெரிஞ்சவங்கள ஏமாத்த முடியுமா?”

அவரை நேராக நிற்கச் சொல்லி, தரையிலிருந்து நெஞ்சு வரை டேப் வைத்து அளந்தேன். பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர் சிரித்தார்.

“என்னவே, சார் ஒமக்குச் சட்டை தைக்கப் போறாரா?”

நான்கடி ஓரங்குலம். என் பன்னிரண்டு வரைபடங்களிலும் நாடா விறைக்கத் தொடங்கிய இடம் அதுவே. அதுவரை ரப்பர் ஏற்கெனவே போய்வந்த தூரம். அதற்கு அப்பால்தான் அதற்குப் புது இழுப்பு.

இழுக்காத நாடா ஒன்று கேட்டேன். “நெகிழ்ந்துச்சுன்னா என்னையச் சொல்லக்கூடாது” என்று மனமில்லாமல் வெட்டிக் கொடுத்தார்.

அன்று மாலை அது முதல் கல்லிலிருந்தே விறைத்து நின்றது. புள்ளிகள் நான் அடித்துப்போட்ட முதல் சமன்பாட்டின் கோட்டிலேயே விழுந்தன. முதல் பன்னிரண்டும் கடையிலேயே ஒருவர் நெஞ்சு வரை இழுத்துக் கொடுத்தவை என்று குறித்து, இரண்டு வகை வரைபடங்களையும் அனுப்பினேன்.

பத்து நாளில் பேராசிரியரிடமிருந்து அட்டை வந்தது. “இழுத்தது, இழுக்காதது இரண்டும் பொருந்துகின்றன. பதிவு நீடிக்கும். இழுத்தவர் யார்?”

அட்டையைக் கடைக்காரரிடம் வாசித்துக் காட்டி, அவருடைய நெஞ்சு உயரம் என் படத்தில் விழுந்திருப்பதைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, இருபுறமும் பார்த்தார்.

“சார், அந்தப் படத்துல நெஞ்சு மட்டும்தான் தெரியுமா? தொப்பையும் தெரியுமா?”