பட்டறை பெஞ்சில் பழகிய பேச்சு

முத்தியால்பேட்டையில் பிரேம்குமாரின் டூவீலர் பட்டறைக்குச் சனிக்கிழமை வண்டி விடப் போகிறவர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டி தயாராகும்வரை பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க அங்கே விடமாட்டார்கள். யாராவது ஒரு ஆராய்ச்சி மாணவர் எதிரே வந்து நின்று, தான் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். எல்லாம் பிரேம்குமாரின் மனைவி சுமலதாவின் வேலை.

சுமலதா வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள், கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ஆராய்ச்சி மாணவர்களைப் பொதுமக்களிடம் பேசப் பழக்கும் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள். ஏசி அறையில் புரொஜெக்டரைப் போட்டு ஒப்பேற்றிவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பொதுமக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதானே பழக வேண்டும் என்று பிள்ளைகளைப் பட்டறைக்கே கூட்டிவந்துவிட்டாள். பரீட்சையும் ஒன்றே ஒன்றுதான். கேட்கிறவர் "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றால் ஃபெயில். திருப்பி ஒரு கேள்வி கேட்டால் பாஸ். புரியாதவர்கள்தான் பாராட்டிவிட்டு நழுவுவார்கள் என்பது அவள் கட்சி. அதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

அவளிடம் பேசப் பழகியவர்களில் சங்கவி பிள்ளைச்சாவடி மீனவர் வீட்டுப் பெண். வலையில் ஏறும் சொறி, அதாவது ஜெல்லி மீன் இருக்கிறதே, கொழகொழவென்று, பட்டால் கை எரிந்து வீங்குமே, அது எப்போது கரைப் பக்கம் கூட்டமாக வருகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கடல்நீரின் சூட்டைப் பதிவு செய்யும் சின்னக் கருவியைப் படகுகளில் கட்டி அனுப்ப வேண்டும். ஊர்க்காரர்கள் பிடிகொடுக்கவில்லை. வலையில் மாட்டித் தொல்லை கொடுக்கும் என்றார்கள். எங்கே மீன் பிடிக்கிறோம் என்று வேவு பார்க்கிற சாமான் என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில், ஊர்க்கூட்டத்தில் வந்து சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பஞ்சாயத்தார் முடிவு செய்தார்கள். அவர்கள் மாட்டேன் என்றால் சங்கவியின் ஆராய்ச்சி அதோடு நின்றுபோகும்.

சங்கவி வாராவாரம் பட்டறையில் பழகினாள். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் வண்டியை மறந்து அவளைக் கேள்வியால் துளைத்தார்கள். சுமலதாவுக்கு ஏக நம்பிக்கை.

கூட்டத்தன்று போனால், ஊர்க்காரர்கள் தங்கள் பெண்ணுக்குக் குறை வைக்கக்கூடாதென்று பந்தல், மேடை, மைக்செட் எல்லாம் போட்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் கலியபெருமாள் பொன்னாடை போர்த்தினார். நம் ஆட்களுக்குத் தோளில் பொன்னாடையும் கையில் மைக்கும் வந்துவிட்டால் போதும், நாக்கு தானாக மேடைத்தமிழுக்குத் தாவிவிடும். சங்கவியும் தாவினாள். அன்பார்ந்த பெரியோர்களில் ஆரம்பித்து, கடல்வாழ் உயிரினங்களின் பருவகாலப் பரவல்வரை போய், ஏற்ற இறக்கத்தோடு முழங்கிவிட்டாள். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. பின்வரிசையில் இருந்த சுமலதா, கேள்வி கேட்க யாராவது கை தூக்குகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். ஒரு கேள்விகூட இல்லை. கலியபெருமாள் நன்றி சொல்ல எழுந்துவிட்டார். நாமாவது ஒன்று கேட்டு எடுத்துக்கொடுக்கலாமா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் ஊர், அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி.

சங்கவிக்கும் உறைத்துவிட்டது. மைக்கை மேஜையில் வைத்தாள். பொன்னாடையை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். மேடையைவிட்டு இறங்கி, முன்வரிசைக்கு எதிரே மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியப்பா, சொறி பட்டு கை வீங்கி, கடலுக்குப் போவாம கெடந்தீங்களே," என்றாள் கலியபெருமாளைப் பார்த்து. "அது வரப்போவுதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னுதான் பாக்கறேன். இன்னும் எனக்குத் தெரியல. உங்க போட்டுல இந்தக் கருவியக் கட்டலன்னா தெரியவும் தெரியாது."

கலியபெருமாள் நன்றி சொல்ல எழுந்ததையே மறந்துவிட்டார். "எப்பிடிச் சொல்லுவ?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. வலையில் மாட்டாதா என்றார் ஒருவர். கருவியை அவர் கையிலேயே கொடுத்து, எங்கே கட்டினால் மாட்டாது என்று அவரையே காட்டச் சொன்னாள். கணக்கு யார் கைக்குப் போகும் என்றார் இன்னொருவர். படகு போகும் இடம் இதில் பதியாது, நீரின் சூடு மட்டும்தான், அதையும் முதலில் ஊருக்குத்தான் சொல்லுவேன் என்றாள். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். பெண்கள் பக்கமிருந்தும் கேள்விகள் வந்தன. இருட்டுகிற நேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். "மொதல்ல என் போட்டுல கட்டு. வலயில மாட்டுச்சின்னா கழட்டி வீசிருவேன், ஆமா." அடுத்தடுத்து மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

சுமலதா யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. பக்கத்து நாற்காலி அம்மாள், டவுனிலிருந்து வந்த யாரோ, பாவம், வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்திருக்க வேண்டும். சுமலதாவின் முழங்கையை மெல்ல இடித்தாள்.

"எங்க ஊருப் பொண்ணு. உங்களுக்கு எதுனா புரியலன்னா கூச்சப்படாம கேளுங்க. நல்லா சொல்லும்."

சுமலதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.