நோர்வேத் தூண்டில்

நோர்வேயிலிருந்து என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர், லிங்கநகரில் எங்கள் வீட்டு வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கும்போது நீளமான ஒரு பையைத் தோளில் மாட்டியிருந்தார். உள்ளே வயலின் இருக்கும் என்றார் அம்மா. வயலின் அவ்வளவு நீளம் வராது என்றார் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாட்டில் சண்டை முடிந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. நீளமான பை என்றாலே எனக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். நான் குசினிக்குள் ஓடி அடுப்புக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டேன்.

பைக்குள் இருந்தது தூண்டில்.

அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன். சின்ன வயதிலேயே வெளிநாடு போனவர். முறைக்கு எனக்கு அத்தான். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா முதலே சொல்லி வைத்திருந்தார். பலகாரமும் தேநீரும் முடிந்து, அக்கா வந்து நின்று போய், பெரியவர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, கிட்டடியில் நல்ல குளம் எங்கே இருக்கிறது என்பதுதான்.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்பவர். எந்தப் பக்கம் நடந்தாலும் கடலில் போய் முட்டுகிற ஊரில் ஒருவர் குளத்தைத் தேடுவது அவருக்கு விளங்கவில்லை. குளிக்கவா என்று கேட்டார். மீன் பிடிக்க என்றார் அத்தான். குளத்து மீன் சேறு மணக்குமே என்று அப்பா மரியாதையாக இழுத்தார். தின்பதற்கில்லை, பிடிப்பதற்குத்தான் என்று பதில் வந்தது. அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தின்னாத மீனை ஏன் பிடிக்க வேண்டும் என்று நானும் யோசித்தேன். ஆனால் நோர்வே மாப்பிள்ளையிடம் அதையெல்லாம் கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை.

அவர் விறாந்தையில் தூண்டில் சாமான் பெட்டியைத் திறந்து வைத்தார். பெரியவர்கள் கதிரையில் இருந்தபடி எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும் நிலத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆகவே அவர் எல்லாவற்றையும் எனக்கே சொன்னார். அவருடைய ஊர் ஏரியில் ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறது. அதற்குக் கண் மிகக் கூர்மை, சந்தேகமும் அதிகம். தங்கூசி என்கிற நைலோன் நூல் கொஞ்சம் தடித்தாலே கண்டுபிடித்துவிடும். முள் சின்னதாக இருக்க வேண்டும், இரைக்குள் முழுவதுமாக மறைந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் கரண்டியைப் போல வளைந்த பளபளத் தகடுகள் இருந்தன. தண்ணீருக்குள் இழுத்தால் அவை சின்ன மீன் ஓடுவதுபோல மினுங்குமாம். ஒரு போத்தலில் ரோஸ் நிறக் களி இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளிப்பூண்டு மணத்தது. அதுவும் இரை. நோர்வே மீன் உள்ளி தின்னும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த நாள் அப்பாவும் நானும் அவரைத் தம்பலகாமத்துக்குக் கூட்டிப்போனோம். சித்தியின் வீடு அங்கே ஒரு குளத்துக் கட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அத்தான் வீசினார், இழுத்தார், தகட்டை மாற்றினார், மறுபடி வீசினார். தகட்டில் பாசி வந்தது. களியைப் போட்டுப் பார்த்தார். பாசிக்குள் போன களி பாசியோடு திரும்பி வந்தது. வெயில் ஏறியதும் அப்பா மரத்தடியில் நித்திரையாகிவிட்டார். பின்னேரமானால் கட்டுப் பக்கம் யானை வரும் என்று சித்தி ஆளனுப்பியதால், ஒரு மீன்கூட இல்லாமல் திரும்பினோம். அப்பாவுக்குத்தான் வெட்கமாக இருந்தது. அத்தான் வழியெல்லாம் சந்தோசமாக இருந்தார். குளத்தின் அடி முழுக்கப் பாசி, இரை அதற்குள் புதைந்து போகிறது, மீனுக்கு அது தெரிவதே இல்லை, இரையைப் பாசிக்கு மேலே மிதக்க வைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குள் போய், பேக்கரியில் வாங்கிய பாண் இருக்கிறதா என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர் குசினிக்குள் நிற்பதைக் கண்டு அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. அவர் பாணின் கருகிய ஓரத்தைப் பிய்த்து உருட்டி, ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்தார். மணம் காணாது, இன்னும் வேண்டும் என்றார். அதுவரை கதவடியில் நின்ற அக்கா, மேல் தட்டிலிருந்து கூனி இறால் தூள் போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினாள். நீட்டும்போது சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அம்மாவும் பார்த்தார். அவ்வளவு போதும், அம்மாவின் மனதில் கல்யாணம் முடிந்துவிட்டது.

ஈயக்குண்டின் துளைக்குள் நூலைக் கோத்து, குண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி முள்ளைக் கட்டினார் அத்தான். குண்டு பாசிக்குள் கிடக்கும், பாண் உருண்டை ஒரு முழம் மேலே மிதக்கும். மீன் கடித்தால் நூல் துளைக்குள்ளால் ஓடும், மீனுக்குக் குண்டின் பாரம் தெரியாது. எனக்கும் ஒரு சின்னத் தடியில் அதேபோலக் கட்டித் தந்தார். கல்யாணம் முடிந்தால் என்னையும் நோர்வேக்குக் கூப்பிடுவாரா என்று கேட்டேன். ட்ரவுட் பிடிக்கவா என்று கேட்டுச் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் குளத்துக்குப் போனது அக்காவும் அவரும் நானும். இரண்டு பேரும் கதைத்துப் பார்க்கட்டும் என்று அம்மாதான் ஒழுங்கு செய்தார். புறப்படும்போது என்னைத் தனியே இழுத்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும், என்ன கதைக்கிறார்கள் என்று வந்து சொல்ல வேண்டும் என்றார். எனக்கோ தூண்டிலும் இருந்தது. நூலைப் பார்த்தால் காது போகிறது, காதைக் கொடுத்தால் கண் நூலை விட்டுவிடுகிறது.

முதலில் அவர் பனி உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பதைச் சொன்னார். அதை நான் முழுக்கக் கேட்டேன். பிறகு அக்கா, "உங்களிட்ட ஒரு விசயம் சொல்லோணும்" என்று குரலைத் தாழ்த்தினாள். அதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. இறக்கக்கண்டி என்றாள். அது கடற்கரை ஊர், அங்கேயிருந்து எங்கள் வீட்டுக்கு நல்ல பாரை மீன் வரும். குளத்து மீனை விட்டுவிட்டுக் கடல் மீனுக்குப் போகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் என்றாள். அவள் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம். அங்கே ஏன் மீன் என்று குழம்பினேன். கணக்குச் சேர் என்றாள். அங்கே கணக்குப் படிப்பிக்கிற அந்தச் சேரை எனக்குத் தெரியும். அவருடைய அப்பா இறக்கக்கண்டியில் கடலுக்குப் போகிறவர். ஆகவே மறுபடியும் பாரைதான் என்று முடிவு கட்டினேன்.

அத்தான் தன் நூலைச் சுற்றி எடுத்தார். பாண் உருண்டை நன்றாகவே இருந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புதியது ஒன்று குத்தி வீசினார். தண்ணீர் அடங்குவதற்குள் அதையும் எடுத்தார். மறுபடி குத்தினார். இரையைப் போட்டால் கை வைக்காமல் பொறுக்க வேண்டும் என்று எனக்குப் படிப்பித்த மனிதர், அன்று பொறுக்கவே இல்லை. குளத்தைக் கலக்குகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்று அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

"தெரியாது. தெரிஞ்சா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டினம்."

அந்த நேரம் என் நூல் ஓடியது. நான் கத்தினேன். தடி வளைந்து தண்ணீரைத் தொட்டது. அத்தான் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தடியை என்னிடமிருந்து வாங்கவில்லை. "நூல் மெல்லிசு பிள்ளை. ஓட விடுங்கோ, பிறகு எடுப்பம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். களைத்துப்போய்க் கரைக்கு வந்தது பெரிய திலாப்பியா, என் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நீளம். அக்கா கைதட்டினாள். கைதட்டிக்கொண்டே அழுதாள். மீன் பிடித்ததற்கு ஒருவர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். அத்தான் முள்ளைக் கழற்றி, மீனைத் திருப்பி விடுவோமா என்று என்னைக் கேட்டார். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

வீட்டில் அம்மா கிணற்றடியில் மீனின் செதிளை எடுத்துக்கொண்டே என்னை விசாரித்தார். ஈயக்குண்டிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னேன். அம்மாவுக்குப் பொறுமை போனது.

"அக்கா என்ன கதைச்சவ? அதைச் சொல்லு."

"இறக்கக்கண்டியைப் பற்றிக் கதைச்சவ."

அம்மாவின் கை நின்றது. "இறக்கக்கண்டியில என்ன?"

"மீன்தான்" என்றேன்.

அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கத்தியைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் விறாந்தையில் அப்பாவின் குரல் உயர்ந்தது.

அத்தான் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தனக்கு இது சரிவராது, நோர்வேயில் தனக்கு ஒரு பெண் இருக்கிறாள், முதலே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் வந்தது தன் பிழை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அப்பா அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறகு ஏன் வந்தாய், ஏன் என் பிள்ளையோடு ஊரறியக் குளத்துக்குப் போனாய் என்று கேட்டார். மீன் பிடிக்கவா வந்தாய் என்று கேட்டார். அம்மா மீன் கையோடு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா கதவடியில் நின்றாள். ஒரு முறை வாயைத் திறந்தாள். அத்தான் அவளைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். வெட்கமில்லாமல் இன்னும் அவளைப் பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

அந்த மனிதரை எங்கள் வீட்டில் பல வருடம் திட்டினார்கள். அம்மா தன் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாமென்று விட்டுப்போன பெண் என்று பெயர் விழுந்ததில், அதற்குப் பிறகு ஒரு சம்பந்தமும் வரவில்லை. அப்படியிருக்கக் கணக்குச் சேர் தானாக வந்து கேட்டபோது, கடலுக்குப் போகிறவரின் மகன் என்று முகம் சுளிக்க அப்பாவுக்கு இடமிருக்கவில்லை. இப்போது அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். நோர்வேயில் அப்படி ஒரு பெண் இருக்கவே இல்லை என்பதை அவள் எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு முந்தின கிழமை.

அன்று பின்னேரம் எனக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம், அம்மா விட்டுப் போன என் மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனதும், ட்ரவுட் இனி இல்லை என்பதும்தான். அத்தான் வாசல் கேற்றடியில் ஓட்டோவுக்காகத் தனியே நின்றார். வழியனுப்ப யாரும் போகவில்லை. நான் போனேன்.

"அம்மா ஏதும் கேட்டவவோ?" என்றார்.

"ஓம். என்ன கதைச்சனீங்கள் எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"மீனைப் பற்றி எண்டு சொன்னனான்."

"அது காணும், வேற ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்றார்.

ஓட்டோ வந்து நின்றது. "நீங்கள் கூடாத ஆள். எங்கட வீட்டுக்கு இனி வரக்கூடாது" என்றேன். "ஓம் பிள்ளை, வரமாட்டன்" என்றுவிட்டு ஏறிக்கொண்டார்.

ஓட்டோ தெரு மூலையில் திரும்புவதற்குள் என் முதுகில் படாரென்று ஒரு அடி விழுந்தது. அக்கா. அவள் என்னை அடித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கள் வீட்டை அவமானப்படுத்தியவரை அவளுக்காகத்தானே ஏசினேன், எனக்கு ஏன் அடி என்று அழுதேன். அவள் மணலில் உட்கார்ந்து, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அந்த நோர்வேக்காரன் பிள்ளையின் மனதை உடைத்துவிட்டான் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அவளுடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, போன மனிதரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.