பக்கத்து சீட்

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு இளநீர்க் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் அவளுடைய ஸ்கூட்டரில் அங்கே போய், வருகிற வண்டிகளைப் பங்கு போட்டுக்கொள்வோம். அடுத்து வருவது அவளுக்கு, அதற்கடுத்தது எனக்கு. எனக்குப் பெரும்பாலும் தண்ணீர் லாரிதான் வாய்க்கும். அவளுடைய ஆசை, கூரையைக் கழற்றி வைக்கிற சிவப்பு ஜீப். அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கு ஜீப் போதும் என்பாள்.

போன வருடம் அதே சாலையில், மணல் சிதறிக் கிடந்த வளைவில், ஸ்கூட்டர் சறுக்கியது. அன்றைக்கு அவள் தனியாகப் போயிருந்தாள். தோளில் காறையெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. எனக்குத்தான் இன்னும் கூடவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் எடுக்கிறேன்.

அவள் மதுரையில் வேலைக்குச் சேர்ந்த மாதம், அவளைக் கேட்காமல் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினேன். ஷோரூமில் நிறத்தைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. எத்தனை ஏர்பேக் என்று கேட்டேன், ஐந்து சீட் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். மறைமலைநகரில் சீட் பெல்ட் செய்கிற இடத்தில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் அங்கேயே பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டினால் அடுத்தது. இத்தனை வருடத்தில் மனம் எங்கே இருந்தாலும் கை அதைச் செய்துவிடும்.

பொங்கலுக்கு வந்தவள் காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இது கார் இல்லம்மா. உன் பயத்துக்கு நாலு சக்கரம் மாட்டி வச்சிருக்க."

சிரித்தபடிதான் சொன்னாள். முன்சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். வண்டியைக் கிளப்பப் போனேன். அதற்குள் என் கை பாய்ந்து அவள் தோளருகே பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டது. பூட்டிக்கொண்டது, சரியாக அந்த எலும்பின் மேல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் கொண்டு விடுகிறேன் என்றேன். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

அதன்பின் போனில் சாப்பாடு, ஆபீஸ், மழை எல்லாம் பேசினாள். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் காரில் இளநீர்க் கடைக்குப் போய் வந்தேன். பக்கத்து சீட்டில் என் பையை வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வண்டி கூவும். அதனால் பைக்கும் பெல்ட் போட்டுவிடுவேன்.

"இன்னா மேடம், தனியா வந்துகினுகீறீங்க? பாப்பா எங்க?" என்றார் இளநீர்க்காரர். மதுரையில் என்றேன். அப்போது ஒரு சிவப்பு ஜீப் போயிற்று. அது யாருடைய முறை என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். சனிக்கிழமை காலை ரயிலில் செங்கல்பட்டு வருகிறாளாம்.

"ஸ்டேஷனுக்கு வாம்மா. ஆனா பெல்ட்ட நான்தான் போட்டுக்குவேன். நீ தொடக் கூடாது."

சரி என்றேன். அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். பக்கத்து சீட்டைத் துடைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் வருவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தேன். அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள். பின்னால் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.

மடியிலிருந்த பையைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். வண்டி கூவத் தொடங்கியது. பெல்ட்டை மெதுவாக இழுத்துப் பைக்கு மாட்டினேன். கண்ணாடியில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இழுத்துப் பாக்கலையாம்மா?"

"இல்ல."

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீடு வரும்வரை பை முன்னாலும் அவள் பின்னாலுமாகவே வந்தோம்.