சாமுவேல் சார் வீட்டு வைஃபை அடாப்டர்

போன சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். எழுதாமலே விட்டிருக்கலாம்... மனசு கேட்கவில்லை.

விளாங்குடியில் எங்கள் தெருவில் இருக்கிறார் சாமுவேல் சார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்தான். இலவசம், வைரஸ் வராது என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அன்று மும்பையில் அவருடைய அண்ணனுக்கு அடக்க ஆராதனை. சாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவரால் போக முடியவில்லை. பத்து மணிக்கு சர்ச்சிலிருந்து லைவ்.

"செல்லுல அண்ணன் முகம் சரியாத் தெரியாது தம்பி. கம்ப்யூட்டர்ல பாக்கணும். கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

வீட்டில் வைஃபை உண்டு. அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் அதைப் பிடிக்க வழியில்லை. காளவாசலில் ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்குப் போய்ச் செருகினேன். லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட்டுக்காகத்தானே அடாப்டரே?

என் செல்லைக் கேபிளில் மாட்டி, கம்ப்யூட்டருக்கு நெட் கொடுத்தேன். டிரைவர் இறங்கியது. இன்ஸ்டால் செய்தால் எர்ரர். வேறொன்று இறக்கினேன் — அதுவும் எர்ரர். எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

மணி பத்து. சார் பாட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"செல்லுலயே பாத்துரவா தம்பி?"

"ரெண்டே நிமிஷம் சார்."

செல்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்கு அடாப்டரில் விளக்கு எரிந்தது. பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

சாரின் மனைவி மெதுவாகக் கேட்டார்: "உங்க செல்ல மாட்டுனப்பவே கம்ப்யூட்டர்ல நெட் வந்துருச்சுல்ல? அப்பவே பாத்திருக்கலாமோ?"

பார்த்திருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நெட் அங்கேதான் இருந்தது. என்னைப் போன்ற ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வேலை நடந்தால் போதாது — நாங்கள் நினைத்த வழியில்தான் நடக்க வேண்டும். யாருக்காக வந்தோம் என்பதுகூட மறந்துபோகும்.

லைவைத் திறந்தேன். சவப்பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். காலி சர்ச்சில் ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெக்கார்டிங் இருக்கும் சார்..."

"இருக்கும். பெட்டிய மூடுறப்ப அவுங்களோட சேந்து பாடணும்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்."

கொஞ்ச நேரம் அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் சங்கடப்படக் கூடாதே என்று, "படம் நல்லாத் தெளிவா இருக்கு தம்பி" என்றார்.

திட்டியிருக்கலாம்.