வல்லை வெளியில் நான் ஓடிய தூரம்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பெற்றோலை மாதாமாதம் கூப்பனுக்கு அளந்துதான் கொடுத்தார்கள். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. நீர்வேலியில் ஒரு வாழைக்குலை வியாபாரியிடம் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். லொறி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பழைய கார் ஒன்றின் பின்பாதியை வெட்டிவிட்டு மரப்பெட்டி பூட்டியது. இப்போது பிக்கப் என்கிறார்களே, அந்த மாதிரி. அதன் பெற்றோல் தாங்கி முன்கண்ணாடிக்குக் கீழே, உள்ளே இருப்பவரின் முழங்காலுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கிருந்து ஒரு செப்புக்குழாய் வழியாகப் பெற்றோல் தானாக எஞ்சினுக்கு இறங்கும்.

கூப்பனுக்குக் கிடைத்த பெற்றோல் பாதி மாதத்துக்கும் காணாது. லொறி நின்றால் என் வேலையும் நிற்கும். நான் யாரிடமும் முறையாக எஞ்சின் வேலை பழகியவன் அல்ல, ஆனால் எல்லாம் தெரியும் என்ற எண்ணம் இருந்தது. உடைந்து கிடந்த ஒரு சின்னக் காரின் காபரேற்றரைக் கழற்றி வந்து எங்கள் லொறியில் பூட்டினேன். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்புவது அதுதான். அதன் துளை சிறியது, பெற்றோல் குறைவாகத்தான் போகும். கலனுக்குப் பதினாறு மைல் ஓடிய லொறி இருபத்திரண்டு மைல் ஓடியது. முதலாளி என்னைப் பற்றிச் சந்தையெல்லாம் பெருமையாகக் கதைத்தார்.

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். பெற்றோல் போதாத எஞ்சின் பாரம் இழுக்கும்போது படார் படார் என்று காபரேற்றர் பக்கமாக வெடிக்கும். குழாயும் அதில் சரியாகப் பொருந்தவில்லை. கசிந்தது. பொருத்தில் நூலைச் சுற்றி, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் அப்பி வைத்தேன். மறுநாள் பார்த்தால் அது காய்ந்து வெடித்திருக்கும். திரும்பவும் அப்புவேன். கசிவும் வெடிப்பும் ஒருநாள் சந்தித்தால் என்ன ஆகும் என்பது எனக்குப் புரியாமலில்லை. சொன்னால் பழையதைப் பூட்டச் சொல்வார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாரிகாலப் பிற்பகல். நெல்லியடிச் சந்தைக்குக் குலைகளோடு புறப்பட்டபோது ஒரு கணவனும் மனைவியும் வந்து, தங்களையும் ஏற்றிப் போக முடியுமா என்று கேட்டார்கள். கரவெட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது துலா மரத்திலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. எங்கள் பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் மட்டை வைத்துக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். அவரைத் தூக்கி முன் ஆசனத்தில் இருத்தினேன். அந்தப் பக்கக் கதவுக்குப் பூட்டு இல்லை, வெளியே கயிற்றால் கட்டுவதுதான் வழக்கம். கட்டினேன். அந்த அம்மா பின்னால் குலைகளுக்கு நடுவே, வாழைச்சருகின்மேல் இருந்துகொண்டார்.

வல்லை வெளிக்குள் இறங்கியதும் வாடைக்காற்று முகத்தில் அடித்தது. வீடில்லை, மரமில்லை. இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும். எதிர்காற்றில் எஞ்சின் திணறி வெடிக்கத் தொடங்கியது.

"என்ன தம்பி சத்தம்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை ஐயா, காத்துக்கு" என்றேன்.

அடுத்த வெடிப்போடு எஞ்சின் மூடியின் இடுக்கால் நெருப்பு எழுந்து கண்ணாடியை நக்கியது.

பிரேக்கை மிதித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் நினைத்துச் செய்தது எதுவுமில்லை. என் பக்கக் கதவால் குதித்து ஓடினேன். தாங்கி வெடிக்கப்போகிறது என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார் என்பதுகூட இல்லை.

"இஞ்சேருங்கோ!" என்று கணவரைக் கூப்பிடும் ஒரு அலறல் கேட்டுத் திரும்பினேன். நாற்பது அடி தாண்டியிருப்பேன். அந்த அம்மா பின்னாலிருந்து குதித்து நெருப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். கதவுக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது இன்னும் இறுகியது. உள்ளே கணவர் நீட்டிய காலை மடக்க முடியாமல் கண்ணாடியைக் கையால் குத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி! உந்தக் கயித்தை எப்பிடி அவிழ்க்கிறது?"

வா என்று கூப்பிடவில்லை, ஏசவில்லை. முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்றுதான் கேட்டார். கட்டியவன் நான். அந்தக் கேள்விதான் என் கால்களைத் திருப்பியது.

போய்ச் சேரும்வரை ஒவ்வோர் அடியிலும் இதோ வெடிக்கிறது என்றே நினைத்தேன். இறுகிப்போன முடிச்சு இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் அவிழ்ந்தது. இரண்டு பேருமாக அவரை இழுத்துத் தெருவோரம் போட்டோம். அப்போதுதான் தாங்கியின் அடியில் இருக்கும் திருகு நினைவுக்கு வந்தது. அதை மூடாவிட்டால் பெற்றோல் இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே கையை விட்டு மூடினேன். தோல் கருகியது அப்போது தெரியவில்லை. எஞ்சின் மூடியையும் தூக்கிவிட்டேன். அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரு கையாலும் சேற்றை அள்ளி எஞ்சின்மேல் எறிந்தார். நானும் எறிந்தேன். சருகில் நெருப்புப் பிடிக்குமுன் அணைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மாட்டுவண்டி வந்தது. கால் முறிந்தவர் வண்டிக்காரரிடம், "இந்தப் பொடியன்தான் என்னைக் காப்பாத்தினவன்" என்று என்னைக் காட்டினார். புகையில் அவர் எதையும் சரியாகக் காணவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. வண்டியில் ஏறப்போன அந்த அம்மாவிடம் போனேன்.

"அம்மா, நான் விட்டிட்டு ஓடினனான். பெற்றோல் மிச்சம் பிடிக்க அந்தச் சாமானை மாத்திப் பூட்டினதும் நான்தான்."

அவர் சேறு பூசிய கையோடு என்னைப் பார்த்தார்.

"நீ ஓடினதை நான் கண்டனான். திரும்பி வந்ததையும் கண்டனான். முதலிலை உந்தச் சாமானைக் கழட்டு, தம்பி."

அவ்வளவுதான். வண்டி போய்விட்டது.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாக ஏச்சு வாங்கினேன். பழைய காபரேற்றரையே பூட்டினோம். பெற்றோல் காணாமல் மாதத்தில் பாதி நாள் லொறி கொட்டிலில் நின்றது, அந்த நாட்களில் குலை சுமந்தேன். கையிலிருந்த தழும்பு இப்போது மங்கிவிட்டது. ஆனால் அந்த அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் நான் எங்கே போய் நின்றிருப்பேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது; அந்த நெருப்பைவிட அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.