கெங்கம்மா இல்லாத போட்டோ

எங்கள் திருவொற்றியூர் பாட்டில் கம்பெனியில் எண்பத்தாறில் நாற்பத்தொரு நாள் ஸ்டிரைக் நடந்தது. அதற்கு இருப்பது ஒரே ஒரு போட்டோ. பூட்டிய கேட்டுக்கு முன்னால் பதினெட்டு ஆண்கள். மீசையை முறுக்கிக்கொண்டு விறைப்பாக நிற்பவன் நான். கெங்கம்மா அதில் இல்லை.

இத்தனைக்கும் சரக்கு எடுக்க வந்த லாரிக்கு முன்னால் முதலில் படுத்தவள் அவள்தான். பதினாறு வயதில் பாட்டில் பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்கு வந்து, கண்ணாடி கீறிய விரல்களோடு இருபது வருடம் உழைத்தாள். கம்பெனி மூடியதும் இட்லிக்கடை போட்டு இரண்டு பெண்களைக் கரையேற்றினாள். போட்டோக்காரர் வந்த அன்று, “பொம்பளைங்க கொஞ்சம் தள்ளிக்கங்க” என்று சொன்ன மகராசன் வேறு யாருமில்லை, நானேதான்.

போன வருடம் எங்கள் தொழிற்சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. என் மகள் நர்மதா ஏஐயிடம் விவரம் சொல்லி, கேட்டுக்கு முன்னால் பெண்கள் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு படம் செய்தாள். பெரிதாக அச்சடித்து, சங்க ஆபீஸ் சுவரில் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். செய்த பாவம் தீர்ந்தது என்று எனக்கு நினைப்பு.

கெங்கம்மா வந்து பார்த்தாள். படத்துப் பெண்களுக்கு வழுவழு கைகள், கழுத்தில் அட்டிகை.

“இன்னாண்ணே, இதுல யாரு கீறாங்க? நாளைக்கு ஒருத்தன் வந்து இது பொய்ப்படம்னுவான். அப்பால நாங்க அங்க குந்திகினு இருந்ததும் பொய்யாப் பூடும்.”

படத்தைக் கழற்ற ஏணி தேடினேன். அதற்குள் அவள் பழைய போட்டோவுக்குக் கிட்டே போய் மூக்கு உரச நின்றாள். எரிச்சலில் இத்தனை வருடம் அதை ஏறெடுத்தும் பார்க்காதவள்.

எங்கள் தலைக்கு மேலே, கேட்டுக் கம்பியில், வரிசையாக ஒயர் கூடைகள். பெண்களின் சாப்பாட்டுக் கூடைகள். எங்களில் எவன் கூடை தூக்கினான்? எண்ணினோம். இருபத்துமூன்று. ஆண்களைவிட ஐந்து அதிகம்.

“பிடி அறுந்து கயிறு கட்டிக் கீது பாரு, அது என்னுது,” என்றாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நர்மதா கைகளில் கீறல் போட்டு, நகையைக் கழற்றிப் படத்தைத் திருத்தினாள். கம்ப்யூட்டர் வரைந்தது என்று அடியில் எழுதினோம். கூடைக்காரிகளின் பெயர்களை கெங்கம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, பழைய போட்டோவுக்கு அடியில் எழுதினேன். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“தள்ளி நிக்கச் சொன்னது யாருன்னும் எழுது.”

எழுதினேன். நாற்பது வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது.