ஸ்டோரேஜை அழிக்கச் சொன்ன காலை

கருகிய பிளாஸ்டிக் வாசம்... இப்போதும் எங்காவது வயர் சூடாகி அந்த வாசம் வந்தால் அந்த ஒரு காலைதான் ஞாபகத்துக்கு வரும் எனக்கு.

பதுளையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டர். அதுதான் என் முதல் வேலை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள், கழுத்தில் கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு "நெட்வேர்க் எக்ஸிகியூட்டிவ்" என்று நடந்த காலம். பெயர்தான் பெரிசு. அந்தச் சென்டரின் ஐடி பிரிவே நான் ஒருத்திதான்!

சர்வர் ரூம் என்பது மாடிப்படிக்குக் கீழே தடுத்த ஒரு மூலை. இரண்டு சர்வர்கள், அவற்றுக்குள் ஐந்தாறு விர்ச்சுவல் சர்வர்கள் ஓடும். ஸ்கேன் படங்கள் மட்டும் தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில். நடுவில், இவற்றையெல்லாம் வயரால் இணைக்கும் ஒரு நெட்வேர்க் ஸ்விட்ச்.

அந்த ஸ்விட்ச்தான் ஒருநாள் இடியில் கருகிப்போனது.

சப்ளையரின் ஆள் வந்து வேறொரு ஸ்விட்சை மாட்டினார். பச்சை லைட் எரிந்தது. "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, ஸ்கேன் எடுக்கும் மேரி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கலா, பேரெல்லாம் வருது... படம் ஒண்ணும் தொறக்க மாட்டேங்குது. சும்மா சுத்திக்கிட்டே இருக்கு."

வெளியே பெஞ்சில் புஷ்பம் என்ற அம்மா. எல்லப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். பக்கத்தில் கணவர். அன்று எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் ஒரு நிழல். கொழும்பிலிருந்து வந்திருந்த டொக்டர் மெஷினிலேயே அதைப் பார்த்துவிட்டு, போன வருஷப் படத்தைக் கேட்டிருந்தார். அந்த நிழல் அப்போதே இருந்ததா, புதுசா என்று அவருக்குத் தெரிய வேண்டும். புதுசு என்றால் நெஞ்சில் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டுமாம்.

போன வருஷப் படம் ஸ்டோரேஜுக்குள் இருந்தது.

பிங் அடித்தேன். டக்கென்று பதில் வந்தது. ஃபோல்டர் தெரிந்தது. ஃபைல் பெயர் தெரிந்தது. படத்தைத் திறந்தால்... சுற்றிக்கொண்டே இருந்தது.

கொழும்பில் இருந்துகொண்டு போனிலேயே எனக்கு உதவும் சீனியர் ரிஸ்வான் சேருக்கு கோல் எடுத்தேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார், "இடியில டேட்டா கரப்ட் ஆகியிருக்கும் கலா. ஸ்டோரேஜை ஃபோர்மட் பண்ணிட்டு பேக்கப்ல இருந்து எடுங்க. பேக்கப் இருக்குதானே?"

"இருக்கு சேர்."

தினமும் பேக்கப் முடிந்தது என்று மெசேஜ் வரும். அதனால் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். அழிப்பதற்கு முன் எதற்கும் பார்ப்போமே என்று, பேக்கப் எங்கே போய்ச் சேருகிறது என்று திறந்து பார்த்தேன்.

அதே ஸ்டோரேஜ். இன்னொரு ஃபோல்டர்.

எனக்கு முன்னால் யாரோ அப்படி அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சென்டரில் படம் எடுத்த அத்தனை பேரின் நெஞ்சும் மண்டையும் முதுகெலும்பும் அந்த ஒரே பெட்டிக்குள்...

"சேர்... பேக்கப்பும் அதே பெட்டிக்குள்ளதான் சேர் இருக்கு."

அவர் மெதுவாக, "கலா, கீபோர்ட்ல இருந்து கைய எடுங்க. ஒண்ணையும் தொட வேணாம்" என்றார்.

கையை எடுத்தேன்.

"நேத்து என்னென்ன மாத்தினீங்க?"

"ஸ்விட்ச் மட்டும்தான் சேர். வேற எதையும் தொ..."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஜம்போ!" என்றோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெட்வேர்க்கில் டேட்டா சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போகும். படங்கள் சீக்கிரம் போகட்டும் என்று நானும் சேரும் சர்வரிலும் ஸ்டோரேஜிலும் பொதியைப் பெரிதாக்கி வைத்திருந்தோம். அதற்குத்தான் ஜம்போ ஃப்ரேம் என்று பெயர். நடுவில் இருக்கும் ஸ்விட்சும் அந்தப் பெரிய பொதியை ஏற்றுக்கொள்ள வேண்டும். புது ஸ்விட்ச் ஏற்றுக்கொள்ளவில்லை. சின்னதை விட்டது. பெரியதைச் சத்தமில்லாமல் கீழே போட்டது. ஒரு எரர் கூட இல்லை!

"உடைக்காமல் அனுப்பு" என்று சொல்லி, பெரிய பொதியாக ஒரு பிங் அடித்தேன். பதில் இல்லை. சின்னதாக அடித்தேன். உடனே வந்தது. திரும்பப் பெரியது... இல்லை.

இவ்வளவுதானா? இதற்காகவா எல்லாவற்றையும் அழிக்கப் பார்த்தோம்?

ஸ்விட்சில் அந்த ஒரு அளவை மாற்றி, ரீஸ்டார்ட் பண்ணினேன். பெரிய பிங்குக்குப் பதில் வந்த அதே நேரம், ஸ்கேன் ரூமிலிருந்து மேரி அக்கா கத்தினார்: "வந்துருச்சு கலா! வந்துருச்சு!"

ஓடினேன். திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில். போன வருஷமும் அதே நிழல், அதே இடம், அதே அளவு. பழைய சளிக்காய்ச்சல் விட்டுப்போன தழும்பு, கொஞ்ச மாதம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார் டொக்டர்.

"அப்ப ஊசி வேணாங்களா?" கணவர் கேட்டார். வேண்டாம் என்றதும் திரும்பவும் அதையே கேட்டார்.

புஷ்பம் அம்மா மட்டும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நாம மத்தியான பஸ்ஸுக்கே போயிறலாம்" என்றார்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் நான் உட்கார்ந்தேன். மேரி அக்கா கொடுத்த பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஃபோர்மட் அடித்திருந்தால்?... அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

இப்போது நான் வேறொரு கம்பெனியில். வீட்டிலிருந்தே வேலை. எங்கேயாவது பொதி அளவு பொருந்தாவிட்டால், எந்த ஸ்விட்ச், எந்த போர்ட் என்று திரையில் சிவப்பாக வந்துவிடும். யாரும் கதவைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்பே சரிசெய்துவிடுகிறேன். எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் முதலில் பேக்கப் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன்.

நல்ல காலம்தான். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால், திரைக்கு அந்தப் பக்கம் யார் காத்திருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதே இல்லை...